சத்தம் கேக்குதா, சார்?

திங்கள் முதல் சனி வரை கொரியக்காரருக்கோ ஜப்பான்காரருக்கோ கார் செய்து கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இத்தாலிக்காரராக மாறிவிடும் அந்த மனிதரை உங்களுக்குத் தெரியும். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலையிலும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒருவராவது இருப்பார். வேலைக்குப் போய்வர ஒரு கார் வைத்திருக்கிறார். சாவி போட்டால் அது ஓடும், ஆகவே அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேச்செல்லாம் இன்னொன்றைப் பற்றித்தான். 2001இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் வண்டி, அல்லது 2015இல் வந்த புன்ட்டோ அபார்த். பெரும்பாலும் வெள்ளை, ஓட்டுநர் பக்கத்துக் கதவு மட்டும் கொஞ்சம் வேறு வெள்ளை. (யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.) ஃபெராரி வாங்க வசதியில்லை. வசதி இருந்தாலும் பழைய ஃபெராரியை வெளிநாட்டிலிருந்து இறக்க முடியாது. அருங்காட்சியக வயதை எட்டியவை நீங்கலாக, மூன்று வயதைத் தாண்டிய காருக்கு நம் துறைமுகங்களில் அனுமதி கிடையாது. ஆகவே உள்ளூரில் கிடைக்கும் இத்தாலியை வைத்து அவர் திருப்திப்படுகிறார். திருப்தி என்பதுகூடத் தவறு, அது கிடைத்துவிட்டால் வண்டியை விற்றுவிடுவார்.

அவருடைய மற்ற குணங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: மைலேஜ் கேட்டால் காது மந்தமாகிவிடும், டயர் விலையை மனைவி பக்கத்தில் இல்லாதபோதுதான் சொல்வார். ஆனால் ஒரு பழக்கத்தை அப்படி விட்டுவிட முடியாது. வண்டி படப்பையைத் தாண்டியதும் ஏ.சி.யை அணைப்பார். பாட்டுக்கு அந்தக் காரில் எப்போதுமே வாய்ப்பூட்டு. கண்ணாடிகளை இறக்குவார். ஏறியிருப்பவர் ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் கையமர்த்துவார். வாலாஜாபாத் சாலையின் புழுதியும் டிப்பர் லாரியின் புகையும் முகத்தில் அடிக்க, “சார், இப்போ கேளுங்க… மூணாவது கியர்ல, மூவாயிரத்தைத் தாண்டும்போது… கேக்குதா?” என்பார். கேட்கிறது என்றால், “எங்கேருந்து வருது, சொல்லுங்க பார்ப்போம்” என்று அடுத்த கேள்வி விழும். கேட்கவில்லை என்றால் யூ-டர்ன் அடித்து அதே இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டுவார். இந்தப் பரீட்சையில் தேறியவர் எவரும் இல்லை. அவர் கேட்கச் சொல்வது ஒரு சத்தத்தை அல்ல என்பதுதான் காரணம். எக்ஸாஸ்ட் சத்தம் உண்டு, அது பெருமைக்கு. டர்போ மூச்சுவிடும் சத்தம் உண்டு, அது நண்பர்களுக்கு. டாப்பெட் சத்தம் விடியற்காலைக்கு மட்டும் உரியது. லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்து வரும் ‘டொக்’ வேகத்தடைக்கு வேகத்தடை மாறும். டாஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு கிளிப் உடைந்து கிளம்பும் ‘கிரிக்’ மழைக்காலத்தில் மட்டும் ஓய்வெடுக்கும். மார்கழியில் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து, பாடகர் வாய் திறப்பதற்குள் தலையாட்டத் தொடங்கும் மாமாக்களைப் போல, ‘டொக்’ வருவதற்கு ஒரு விநாடி முன்பே அவர் முகம் மலர்ந்துவிடும். வராமல் போனால்தான் கவலை. “என்னமோ சரியில்ல சார்” என்று ஓரங்கட்டி பானெட்டைத் திறப்பார். சத்தம் வந்தால் ரசிக்கிறார். நின்றால் ரிப்பேர் பார்க்கிறார்.

இதைக் கிறுக்கு என்று தள்ளிவிடலாம், ஆனால் அது அவருக்கும் நியாயமில்லை, அவர் செய்யும் வேலைக்கும் நியாயமில்லை. வார நாட்களில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 1998இல் முதல் சான்ட்ரோ வெளிவந்தது முதல் இந்தப் பக்கம் முழுக்க நடப்பது ஒன்றுதான்: ஒரு காரைப் போலவே அடுத்த கார் இருக்க வேண்டும். லைனிலிருந்து இறங்கும் வண்டியைக் கரடுமுரடான தடத்தில் ஓட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். எங்காவது ‘கிரிக்’ என்றால் வண்டி ஓரமாக ஒதுக்கப்படும். கழற்றுபவர் ஒருவர், மாட்டுபவர் ஒருவர். நம்மவர் சப்ளையருக்கு மெயில் போட்டு, ஏன் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, பதிலை எக்ஸெல் கட்டத்தில் நிரப்புகிறார். பத்து லட்சம் பாகத்தில் எத்தனை பழுது என்று எண்ணுவது அவர் தொழில். அந்தப் பழுதுகளில் ஒன்றுகூட அவர் கைக்கு வருவதில்லை. ஸ்பானரைப் பிடித்துப் பல வருஷமான ஒரு இன்ஜினீயருக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை தனக்கே சொந்தமான ஒரு பழுது தேவைப்படுகிறது. அதை வாங்கக் கடை கிடையாது. பழைய ஃபியட் கிடைக்கிறது.

அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். இத்தாலிய இன்ஜினின் மீது காதல் என்பார். அது உண்மையானால் அவருடைய காதலி இதே சாலையில் ஆயிரக்கணக்கில் ஓடியிருக்கிறாள். ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்ட்டிஜெட் டீசல் இன்ஜின்தான் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடாவின் இண்டிகா விஸ்டா என்று ஊரிலிருந்த பாதி டீசல் கார்களுக்குள் உட்கார்ந்திருந்தது. நள்ளிரவு ஷிஃப்ட் முடிந்தவர்களை வீடு சேர்த்த வாடகை டிசையர்களுக்குள்ளும் அதே இத்தாலிதான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது, முனகவில்லை. எந்த மேலாளரும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பழைய டிசையர் டாக்ஸியின் முன் நின்று கண்கலங்கியதில்லை. ஒழுங்காக ஓடும் இத்தாலி அவருக்கு வேண்டாம் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஓட்டும் சுகம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, மறுக்கவில்லை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கொண்ட அந்த வண்டிகளில் சாலையின் மேடுபள்ளம் உள்ளங்கைக்குத் தெரியும். இன்றைய மின்சார ஸ்டீயரிங் பெரும்பாலானவற்றில் அது தெரியாது. அபார்த்தில் 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். வந்தபோது ஷோரூம் விலை 10 லட்சத்துக்குள். அந்தக் காசுக்கு அன்று அப்படியொரு வண்டி வேறு இல்லை. ஆனால் சுகத்தை எந்தச் சாலையில் அனுபவிப்பது? வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கூடவே கண்டெய்னர், கார்களை அடுக்கிய ட்ரெய்லர், கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் சந்திக்கின்றன. சாதாரண புன்ட்டோவைவிடத் தாழ்வாகச் செய்யப்பட்ட அபார்த், ஒவ்வொரு வேகத்தடையையும் கோணலாக ஏறி, அடி தட்டி, ஆமை வேகத்தில் இறங்குகிறது. பின்னால் வரும் பைக்காரர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் அவர் காதில் விழுவதில்லை. ஞாயிறு விடிகாலையில் சாலை காலி என்பார். வாஸ்தவம், அந்த நேரத்தில் அவர் டாப்பெட் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, பந்தயத் தடம்? 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையிலேயே 3.7 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்று இருக்கிறது. அங்கும் போகிறார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்து வைத்திருக்கும் இன்னொருவரிடம் பேசிக்கொண்டு நிற்கிறார்.

மலிவு என்பது அவருடைய அடுத்த வாதம். வாங்கும்போது மலிவுதான், விற்றவர் முகத்தில் இருந்த நிம்மதியே அதைச் சொல்லியிருக்கும். பி.எஸ்.6 மாசு விதி வந்த 2020க்குள் ஃபியட் பெயரில் கார் விற்பதே நாட்டில் நின்றுபோனது. ஸ்பேர் வேண்டுமென்றால் ஜி.பி. ரோட்டில் கேட்டு, இல்லையென்று தலையாட்டினால் புதுப்பேட்டையில் தேடி, அங்கும் கிடைக்காவிட்டால் யாரோ ஒருவர் பிரித்துப்போட்ட வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். ஃபியட் என்று அவர் வைத்திருப்பது ஒன்று. வீட்டுப் பரணில் இருப்பதையும் சேர்த்தால் ஒன்றரை. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் வந்துவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது என்ற கவலையில், எத்தனால் கலக்காத எக்ஸ்பி100 பெட்ரோல் எந்த பங்கில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். இதில் அவர் சொல்வது நியாயம்தான், பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் உள்ள கவலை அது. பாலியோ வைத்திருப்பவருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் சேர்ந்துகொள்ளும். 15 ஆண்டு தாண்டிய காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆனது. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆகிவிட்டது. விண்டேஜ் என்று பதிவு செய்து ‘விஏ’ எண் வாங்க வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும். 2001 பாலியோ 2051இல் தகுதி பெறும். அவர் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பாரம்பரியம் என்ற வாதத்துக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. பாலியோவுக்கு விளம்பரம் செய்தவர் சச்சின். பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை அவர் எட்டியதற்காக 2002இல் ஃபியட் பரிசளித்தது ஃபெராரி. அதை அவர் கையில் ஒப்படைத்தவர் ஷூமாக்கர். ஆகவே தன் பாலியோவும் அந்த ஃபெராரியும் ஒரே குடும்பம் என்பது நம்மவர் கணக்கு. சச்சினே அந்த ஃபெராரியைப் பிறகு கைமாற்றிவிட்டார் என்பதை நினைவூட்டினால் பேச்சு சோழவரத்துக்குப் போய்விடும்; அங்கே விமான ஓடுதளத்தில் ஃபியட் 1100கள் பந்தயத்தில் பாய்ந்த கதை ஆரம்பிக்கும். அது நல்ல கதைதான், அவர் சொல்லாமல் வேறு யாராவது சொன்னால்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கம்ப்யூட்டரை மாட்டி, அது காட்டும் எண்ணைப் படித்து, பாகத்தை மாற்றும் சர்வீஸ் சென்டர்களுக்கு நடுவே, நீளமான ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து “மவுண்ட் போயிருக்கு சார்” என்று சொல்லும் பழைய மெக்கானிக்குகள் இன்னும் ஷெட்டை மூடாமல் இருப்பதற்கு இந்த மாதிரி ஆட்கள்தான் காரணம். நிமிடத்துக்கு ஒரு கார் என்ற கணக்கில் உற்பத்தி நடக்கும் பகுதியில், ஒரு காருக்காக ஒரு ஞாயிறு முழுவதையும் செலவழிக்க இவரைத் தவிர யாருக்கும் மனமில்லை. கையில் கிரீஸோடு, ஷெட்டின் பெஞ்சில், டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு “அண்ணே, அந்த டொக் எங்கேருந்துண்ணே வருது?” என்று கேட்கும்போது, ஆறு நாளும் மற்றவர்களைக் கேள்வி கேட்டே பழகிய மனிதர் முதல்முறையாக மாணவனாக இருக்கிறார். அந்தப் பத்து நிமிடத்துக்கு அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அவருடைய அடுக்கக வாசிகளுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது ஞாயிறு காலை ஐந்தரை மணி. தரைத்தளத்து பார்க்கிங்கில் நான்கு பக்கமும் கான்கிரீட். அங்கே குளிர்ந்த இன்ஜினைக் கால் மணி நேரம் உறுமவிட்டால் மூன்றாவது மாடித் தொட்டில்வரை கேட்கும். ஷிஃப்ட் முடித்து இரண்டு மணிக்குப் படுத்தவர்களும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அவர் கம்பெனியிலேயே வேலை செய்கிறவர்கள். வாரம் முழுக்க அடுத்தவர் காரின் ‘கிரிக்’கைக் குற்றமாக எழுதுகிறவர், தன் காரின் உறுமலை ஊருக்குப் பரிசாகக் கொடுப்பது அநியாயம். இதில் நகைச்சுவை ஏதுமில்லை. ஐயா, வண்டியை கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், மெயின் ரோட்டில் ஸ்டார்ட் செய்யுங்கள். தள்ள ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், லுங்கியோடு இறங்கி வருகிறோம். ஏறச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீர்கள். எங்களுக்குச் சத்தம் வீட்டிலேயே நன்றாகக் கேட்கிறது.