பானைக்குள் ஒரு யப்பான் பாட்டி

கே: அண்ணை, யப்பானில் வேலை செய்யிற மருமகன் ஒரு பிடி நெல் கொண்டு வந்தவன். தெரிஞ்ச ஆளின்ர வயலில் விதைச்சுப் பார்த்தம். முழங்கால் உயரத்திலேயே கதிர் தள்ளிப்போட்டுது. விதை பழுதோ? (கடற்றொழிலாளி ஒருவர், குருநகர்)

ப: விதை நல்லது, மணிக்கூடுதான் பிழை. ரோக்கியோவில் ஆனி மாதப் பகல் பதினாலரை மணித்தியாலம். எங்கட காலபோகத்தில், மார்கழிப் பகல் பதினொன்றரை. பகல் சுருங்கினால் அந்த நெல்லுக்கு ஒரே விளக்கம்தான்: குளிர் வருகுது, அதுக்குமுன் பிள்ளை பெறு. பக்கத்தில் நாலு கிளை வெடிக்க முதலே பூத்துவிடும். மருமகனிடம் சொல்லுங்கோ, அடுத்த முறை அனுமதி எடுக்காமல் விதையைச் சூட்கேசில் வைக்கவேண்டாம். சொக்லேட் காணும்.

கே: அப்ப குளிர் நாட்டு நெல்லை வெப்ப நாட்டில் பழக்கவே ஏலாதோ? (உயர்தர விவசாய மாணவி, குருநகர்)

ப: தாய்வானில் பழக்கினவை, பிள்ளை. அது யப்பான் ஆட்சியில் இருந்த காலம். இசோ எய்கிச்சி, சுவெநாகா மெகுமு என்ற இரண்டு பேர் முதலில் செய்தது ஒரு சின்ன வேலை: முற்றின நாற்றை விட்டுவிட்டு இளம் நாற்றை நட்டவை. பூக்க முன்னம் வயலில் வளர அதுக்கு நாள் கிடைச்சுது. 1926இல் அந்த நெல்லுகளுக்கு 'ஹோராய்' என்று பேரும் வைச்சாச்சு. அந்தக் குடும்பத்தில் பேர்பெற்றது தைச்சுங் 65. பகல் நீளமோ கட்டையோ, அதுக்குக் கவலை இல்லை. பல வருசம் கழிச்சு மரபணுவைப் பார்த்தால், பூக்கும் நாளைக் கணிக்கிற இரண்டு மரபணுக்கள் அதில் வேலை செய்யவில்லை. மணிக்கூட்டைத் திருத்தவில்லை, கழற்றி எறிஞ்சிருக்கு!

கே: உந்தக் கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு? நான் பொன்னி அரிசிதான் வாங்கிறனான். (இல்லத்தரசி, குருநகர்)

ப: அக்கா, நல்லாய் மாட்டிக்கொண்டீங்கள். அதே தைச்சுங் 65ஐ மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா நெல்லோடு ஒட்டுக்கட்டினவை. பிறந்தது மசூரி, மலேசியாவில் 1965இல் வெளிவந்தது. அது தமிழ்நாட்டுக்கு வந்து பொன்னியாச்சு. அதிலிருந்து தெரிவு செய்த வெள்ளைப் பொன்னியை 1986இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. காவிரியின் பேரை வைச்சுக்கொண்டு உங்கட பானைக்குள் கொதிக்கிறது ஒரு யப்பான் பாட்டியின் பேத்தி.

கே: இப்பிடிக் கலப்புக் கலியாணம் எல்லாம் சரிவந்ததோ? (அதே மாணவி)

ப: பெரும்பாலும் இல்லை. 1950களில் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் உதவியோடு, ஒடிசாவின் கட்டக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் யப்பான் நெல்லையும் எங்கட பக்கத்து நெல்லையும் நூற்றுக்கணக்கில் ஒட்டினவை. அந்த நிலையத்தின் முதல் இயக்குநர் கி. ராமையா ஒரு தமிழர். பிள்ளை பிறக்கும், பேரப்பிள்ளைதான் வில்லங்கம்: கதிர் நிறையச் சப்பி. அவ்வளவு பாட்டுக்கும் பேர் சொல்ல மிஞ்சினது நாலே நாலு நெல். முன்னம் சொன்ன மசூரி ஒன்று. இன்னொன்று ஆடுதுறை 27. யப்பானின் நோரின் 10க்கும் எங்கட பக்கத்து ஜி.இ.பி. 24க்கும் பிறந்தது, 1965. ஏறத்தாழ 105 நாளில் அறுப்பு என்றதும் தஞ்சாவூர்க் குறுவைக்காரர் அள்ளிக்கொண்டு போச்சினம். அறுப்பு நாளில் மழையும் வந்து நிற்கும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. ஈர நெல்லை எங்கே காயவைக்கிறது? களத்தில் கிடந்தே முளைவிட்டது.

கே: எங்கட நெல் குளிர் நாட்டுக்குப் போனதில்லையோ? (ரொறன்ரோவில் இருந்து ஒரு குருநகரான்)

ப: உங்களைப்போல போனது. வெப்ப நாட்டு ஐ.ஆர். 8இன் இரத்தத்தோடு கொரியாவில் 'தொங்கில்' என்ற நெல் 1970களில் விளைஞ்சு தள்ளினது. ஆனால் சோறு ஒட்டவில்லை என்று கொரியர் முகம் சுழிச்சினம். 1980இல் வந்த குளிரில் நெல்லே சுருண்டுபோச்சு. ஜக்கெட் போடத் தெரியாத பயணி.

கே: யப்பான் அரிசி போட்டு ஒடியல் கூழ் காய்ச்சலாமோ?

ப: தாராளமாய். ஒடியல் மா இருக்கிற பானையில் எந்த அரிசியும் தன்ர பசையைப் பற்றி வாய் திறக்காது. நண்டை மட்டும் குறைக்கவேண்டாம்.