ஏழே எழுத்தில் அதிபராவது எப்படி?

தேர்தல் நெருங்கிவிட்டது, சொல்லிக்கொள்ளச் சரக்கு இல்லையா? தென்கொரியாவில் ஒரு கைகண்ட மருந்து இருக்கிறது.

முதலில் மனம் வெந்து கிடக்கும் இளைஞர்களைப் பிடியுங்கள். அங்கே ஆணாய்ப் பிறந்தவன் குறைந்தது ஒன்றரை ஆண்டு ராணுவத்தில் கழித்தாக வேண்டும். திரும்பி வந்தால் நல்ல வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு; சியோலில் வீடு வாங்குவது கனவு. குறை நியாயமானதுதான். அதற்காகத் தீர்த்து வைத்துவிடாதீர்கள், அப்புறம் ஓட்டுக்கு எங்கே போவீர்கள்? பழியை மட்டும் உடன் படித்த பெண்ணின் தலையில் கட்டுங்கள். வளர்ந்த நாடுகளிலேயே ஆண்-பெண் சம்பள இடைவெளி இங்கேதான் அதிகம், ஏறக்குறைய 30 சதவீதம் என்று யாராவது கணக்கோடு வந்தால், கட்டமைப்பில் பாகுபாடு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சாதியுங்கள். அதிபர் வேட்பாளராக இருந்த யூன் சுக் யோல் அப்படித்தான் சாதித்தார்.

அடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவமானம் தேட வேண்டும். 2021 மே மாதம் ஒரு கடைத்தொடரின் விளம்பரத்தில், சாசேஜை எடுக்கப் போகும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சற்று நெருங்கியிருந்தன. அவ்வளவுதான்! ஆண்களின் அந்தரங்க அளவைக் கேலி செய்கிறார்கள் என்று இளைஞர் கூட்டம் கொதித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. (இவர்கள் வீட்டில் சிட்டிகை உப்பை எப்படித்தான் எடுப்பார்களோ.) டோக்கியோ ஒலிம்பிக் வில்வித்தையில் மூன்று தங்கம் வென்ற ஆன் சானையும் விடவில்லை. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாராம், ஆகவே பெண்ணியவாதியாம்.

இப்போது மருந்தைக் கொடுங்கள். 2022 ஜனவரியில் யூன் ஃபேஸ்புக்கில் எழுதியது கொரிய மொழியில் ஏழே எழுத்து: பெண்கள், குடும்ப நல அமைச்சகம் ஒழிப்பு. விளக்கம் ஒரு வரி கிடையாது. அரசுச் செலவில் அந்த அமைச்சகத்தின் பங்கு சுமார் 0.2 சதவீதம்தான் என்பதை நீங்களும் சொல்லித் தொலைக்காதீர்கள். மார்ச்சில் 0.73 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். இருபதுகளில் இருக்கும் ஆண்களில் பத்துக்கு ஆறு பேர் அவர் பக்கம், அதே வயதுப் பெண்களில் பத்துக்கு ஆறு பேர் எதிராளி பக்கம் என்றது வாக்குக் கணிப்பு.

பக்க விளைவுகள் உண்டு. 2024 டிசம்பர் 3 இரவு ராணுவச் சட்டம் போட்டார்; விடிவதற்குள் வாபஸ். அதற்காக அவரைக் காவலில் வைக்க ஆணையிட்ட நீதிமன்றத்துக்குள் அடுத்த ஜனவரியில் ஆதரவாளர்கள் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினார்கள். கைதானவர்களில் சுமார் பாதிப் பேர் இருபது, முப்பது வயதுக்காரர்கள். 2025 ஏப்ரல் 4 அன்று பதவி போயிற்று.

அமைச்சகமா? அதை ஒழிக்க நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும்; அங்கே அப்போது எதிர்க்கட்சிக்குத்தான் பெரும்பான்மை இருந்தது. அவர் போகும்போது அமைச்சகம் அப்படியே இருந்தது. அந்த இளைஞர்களின் ராணுவ சேவையும் ஒரு நாள்கூடக் குறையவில்லை.