கண்ணுக்குத் தெரியாத எதிரி

அம்மாபேட்டைத் தறிக்காரர் ஒருவர் ஹைப்ரிட் கார் வாங்கும் ஆசையை விட்டுவிட்டார். பாராட்டத்தான் வேண்டும். சீட்டுக்கடியில் பேட்டரி, அதைச் சுற்றிக் காந்தப்புலம். உடம்பு என்னத்துக்கு ஆகும்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தாழ் அதிர்வெண் காந்தப்புலத்தை 2002-இல் ‘புற்றுநோய் வரலாம்’ பட்டியலில் வைத்ததை விரல்நுனியில் வைத்திருக்கிறார். ஆசியப் பாரம்பரிய ஊறுகாயும் அதே பட்டியல்தான். தயிர்சாதம் இறங்க வேண்டுமே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்வளவையும் ஓடும் விசைத்தறி மோட்டார்களுக்கு நடுவே நின்று, செல்போனைத் தோளில் இடுக்கியபடி விளக்கினார். முடிவில் வாங்கியது டீசல் கார். டீசல் புகையை அந்த முகமையே 2012-இல் ‘நிச்சயம் புற்றுநோய்க் காரணி’ வகைக்கு உயர்த்திவிட்டதே என்றேன்.

“புகை கண்ணுக்குத் தெரியுதுல்ல தம்பி, ஒதுங்கிக்கலாம்!”