மோட்டார் தாதா

கல்கத்தாவின் டாலிகஞ்சில் மரப்பட்டறை வைத்திருக்கும் பெரியவர்களில் ஒரு ரகம் உண்டு. மோட்டார் தாதா என்று பெயர் வைத்துக்கொள்வோம். தொழில் தச்சுவேலை. ஆனால் மோட்டார் ஒழுங்காக ஓடும் நாட்களில்தான் அவர் மரத்தைத் தொடுவார்; அதாவது, எப்போதாவது.

காதில் பென்சில், தலையில் மரத்தூள் எல்லாம் மற்ற தச்சர்களுக்கும் உண்டு. இவருடைய ஃபதுவாச் சட்டைப் பையில் மட்டும் உளிக்குப் பதில் டெஸ்டர் இருக்கும். பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிஷத்தில் காயிலுக்கு வந்துவிடுவார்.

பட்டறையின் நடுவே மோட்டார் ரம்பம். இரும்பு மேஜை, பத்து அங்குல வட்டப் பல், அடியில் பெல்ட்டோடு ஒரு ஹெச்.பி. மோட்டார். பெயர்ப் பலகை மேல் பெயின்ட் அடித்து அடித்து, 1440 ஆர்.பி.எம். என்பது மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. "விலாயத்தி மால்" என்பார் தாதா. சீமைச் சரக்காம். அத்தாட்சி கேட்டால் மோட்டாரின் எடையைச் சொல்வார்.

ரம்பத்துக்கு ஒரு பூர்வீகமும் உண்டு. டாலிகஞ்ச் வங்க சினிமாவின் ஊர். நியூ தியேட்டர்ஸ் 1931-ல் தொடங்கியது. இந்திரபுரி, டெக்னீஷியன்ஸ் ஸ்டூடியோ எல்லாம் இங்கேதான். செட் போட மரம் வேண்டும், மரத்துக்கு ரம்பம் வேண்டும். 1956-ல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தைக் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டூடியோவுக்குள்ளேயே எழுப்பினார். மேலே துணியைக் கட்டி, அதில் வெளிச்சத்தை அடித்துத் திருப்பி, நிஜ வீட்டின் பகல் போலக் காட்டினார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. அந்த வீட்டு ஜன்னல் சட்டத்தை அறுத்தது இந்த ரம்பம்தான் என்பது தாதாவின் கட்சி. அடுத்த பட்டறைக்காரரும் அதையே சொல்கிறார், எதிர்ச்சாரிக்காரரும் சொல்கிறார். இத்தனை ரம்பங்களும் அறுத்தது உண்மையானால் பன்சி ஒரு வீடு என்ன, காசி நகரத்தையே கட்டி, மிச்சப் பலகையில் கங்கைக்குப் பாலமும் போட்டிருக்கலாம்.

நான் போனது கொலுப்படிக்கு. நவராத்திரிக்கு முன்னால் ஏழு படி வேண்டும் என்றேன். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சுவிட்சைப் போட்டார். மோட்டார் 'ம்ம்ம்' என்றது. ஓடவில்லை.

சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பும் சாமர்த்தியம் கிடையாது. அதைத் தூக்கிவிடத் தனியாக ஒரு காயிலும் கண்டென்சரும் உண்டு. முக்கால் வேகம் வந்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் அவற்றைக் கழற்றிவிடும். கண்டென்சர் போனாலோ, சுவிட்சில் தூசி அடைத்தாலோ இப்படித்தான் முனகும். புதுக் கண்டென்சர் போட்டால், இல்லை சுவிட்சைத் துடைத்தால் தீர்ந்தது. தாதாவுக்கு அவ்வளவு எளிய வைத்தியத்தில் நம்பிக்கை இல்லை. பெல்ட்டைக் கையால் ஒரு சுண்டு சுண்டினார், மோட்டார் ஓடிற்று. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது: இந்த மாதிரி மோட்டார், சுண்டிய பக்கம் ஓடும். அன்றைக்குக் கை மாறிவிட்டது போலிருக்கிறது, ரம்பம் பின்பக்கமாகச் சுற்றி, என் பலகையை அறுக்காமல் தலை வாரிவிட்டது. (பெல்ட்டில் கையை விடுவது கைக்கு நல்லதல்ல. தாதாவின் பத்து விரலும் பத்திரமாக இருப்பதற்கு காளிகாட் கோயில் பக்கத்தில் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.)

"கழற்றிப் பார்த்துடணும்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

மோட்டார் திறந்திருக்கிறது என்ற செய்தி தெருவில் எப்படிப் பரவுமோ தெரியாது. மண் குவளையில் டீ வருவதற்குள் சபை கூடிவிட்டது. ஒருவர் ட்ராம் டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாக் கோளாறுக்கும் வோல்டேஜே காரணம் என்பவர். 1899-ல் கல்கத்தாவுக்கு மின்சாரம் வந்தது டி.சி.யாக, அதை ஏ.சி.யாக மாற்றியதிலிருந்துதான் மோட்டார்களுக்கு ஆயுசு குறைந்தது என்று ஆரம்பித்தார். இன்னொருவர் மருந்துக்கடைக்காரர். காயிலை முகர்ந்து பார்த்து, வார்னிஷ் கருகியிருக்கிறது என்று நோய் கண்டுபிடித்தார். மோட்டார் வாய்வார்த்தையாகவே நாலு முறை பிரித்துப் பூட்டப்பட்டது.

கடைசியில் சபையின் முடிவு: பேரிங் 6204 வேண்டும். தாதா மெட்ரோ ஏறி நேரே சாந்தினி சவுக் போனார். டாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு இப்போது மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர். அந்த சினிமா நடிகரைப் பற்றியும் பேரிங்கைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர் இவர் ஒருவர்தான். சாயங்காலம் பேரிங்கோடு, செத்துப்போன இன்னொரு மோட்டாரையும் எடைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்பேருக்காம்.

தம்பி மகன் பொறுமை இழந்தான். "ஜேட்டு, ரிப்பேருக்குக் கொடுத்த காசில் ரெண்டு புதுசு வாங்கியிருக்கலாம்" என்று ஒன்றை வாங்கியே வந்துவிட்டான். பளபளவென்று, 2880 ஆர்.பி.எம். புல்லியைப் பார்க்க மறந்துவிட்டான். மோட்டாரில் ஆறு அங்குலப் புல்லி, பல் இருக்கும் தண்டில் மூன்று. பழைய மோட்டாரின் 1440 அதில் 2880 ஆகும். புதியதின் 2880, 5760 ஆயிற்று. ரம்பம் போட்ட கூச்சலில் சபை மொத்தமும் ரோட்டில் நின்றது. தாதா மட்டும் சாவகாசமாகச் சுவிட்சை அணைத்து, "பார்த்தியா? புதுசுக்கு நிதானம் கிடையாது" என்றார்.

மோட்டாருக்கும் மூன்று அங்குலப் புல்லி மாட்டினால் சரியாகிவிடும். பையன் சொன்னான், நானும் சொன்னேன். தாதாவுக்குத் தெரியாததா? ஆனால் புது மோட்டார் மாட்டிவிட்டால் சுவிட்சைப் போட வேண்டும், மரத்தை அறுக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் பற்றி யார் வந்து என்ன பேசுவது? டீயாவது யார் வாங்கித் தருவார்கள்?

செப்டம்பர் 17, விஸ்வகர்மா பூஜை. மேலே ஆகாயம் முழுக்கக் காற்றாடி. பட்டறையில் பழைய மோட்டாரைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தது. புது மோட்டார் அட்டைப்பெட்டியோடு அதற்குப் பீடமாகியிருந்தது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கொலு டிரங்குப் பெட்டிகளின் மேல்தான். சுண்டல் வாங்கிக்கொள்ள வந்த தாதா, படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சீமை மோட்டார் மாதிரி இனி வராது என்றார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. 1937-லேயே எங்கள் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஜி.டி. நாயுடு மோட்டார் செய்துவிட்டார், அந்த ஊர் கிரைண்டர் இதோ எங்கள் சமையலறையிலேயே வருஷக்கணக்காக ஓடுகிறது என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சுண்டலைக் கீழே வைத்தார்.

"சத்தம் ஏதாவது வருதா?"

"ஒண்ணும் வரலை தாதா. நல்லா ஓடுது."

"வெளியிலேர்ந்து அப்படித்தான் தெரியும்" என்று பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். "கழற்றிப் பார்த்துடலாம்."