துப்புகிற ஹூவர்

கேள்வி: கராஜ் சேலில் கிடைத்த பழைய ஹூவர் கன்வெர்ட்டிபிள் வாக்குவம் கிளீனரை என் கணவர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டிவிட்டார். ஓடுகிறது. ஆனால் குப்பையை இழுக்காமல் முன்னால் வீசியடிக்கிறது. ஏன்?
- ஒரு வாசகி, கிளீவ்லாந்து

பதில்: திட்டாதீர்கள். கால் காசு செலவில்லாமல் நெல் தூற்றும் இயந்திரம் செய்திருக்கிறார்!

கோளாறு பெல்ட்டில். அந்த ஹூவரில் மோட்டார் தண்டும் பிரஷ் உருளையும் ஒன்றுக்கொன்று குறுக்கே இருக்கும். அதனால் ரப்பர் பெல்ட்டைத் திருப்பித்தான் மாட்ட வேண்டும். திருப்பம் மாறினால் உருளை தலைகீழாகச் சுற்றும். அடித்தட்டில் அம்புக்குறி தெரிகிறதா என்று பாருங்கள். ஆண்கள் கடைசியில் படிப்பது அதைத்தான்.

கையோடு விசிறியையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ரகத்தில் குப்பை விசிறி வழியாகத்தான் பைக்குப் போகும். ஹேர்பின், சில்லறை எல்லாம் இறக்கையில் மோதி விளிம்பைப் பெயர்த்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலால் தடவினால் தெரிந்துவிடும். ஒயரின் ரப்பர் வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இந்த வம்சத்தின் பிறந்த வீடு உங்களூருக்குத் தெற்கே உள்ள கேன்டன்தான். ஆஸ்துமாவோடு கடை பெருக்கிக்கொண்டிருந்த ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லர், விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றைக் கோத்து ஒன்று செய்தார். 1908-இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கிய தோல் சாமான் வியாபாரி ஹூவரின் பெயர்தான் நிலைத்தது.

அது சரி, பூட்டிய பிறகு எத்தனை திருகாணி மிஞ்சியது என்று எழுதவே இல்லையே?