பொய்க்கூரை இறக்கமும் நல்லடக்கமும்: காலடிப்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

மேஸ்திரிகள் ஒரே மூச்சில் ‘பால்சீலிங்’ என்று சொல்லும் பொருளைப் படித்தவர்கள் பொய்க்கூரை என்கிறார்கள். இலக்கணப்படி இது வில்லங்கமான சொல். பொய்யான கூரையா, பொய்யை மறைக்கும் கூரையா? கையில் சுத்தியலோடு ஸ்டூல் மேல் ஏறி நின்று இவ்வாய்வாளர் ஆராய்ந்த வரையில், அது மெய்யை மறைக்கும் கூரை. எந்த மெய் என்பது பின்னால் வரும்.

ஆய்வுக்களம், காலடிப்பேட்டையில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் இது. காலட்பேட்டை நம் வாயில் அரைபட்டுக் காலடிப்பேட்டை ஆயிற்று. ஒரு துரையின் பெயருக்கே சீலிங் அடித்து மூடிய ஊர் வேறு உண்டா என்பது மேலாய்வுக்குரியது. ஊர்ப் பெயரில் இருப்பது காலடி. எங்கள் தொல்லையோ தலைக்கு மேலே.

அசல் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பு வைத்துக் குத்தாக அடுக்கியது. அழகுதான். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் சுண்ணாம்பு உதிரும், பல்லி விழும். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் உண்டு. சாம்பாரில் விழுந்தால் என்ன பலன் என்று போடவில்லை. அதனால் ஜிப்சம் பலகை ஏறியது.

அதன் மரணத்துக்குக் காரணங்கள் மூன்று. கடற்காற்று சேனல் கம்பிகளைத் தின்றது. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் திருகாணிகள் ஒரு நூல் கழன்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து மிச்சத்தை முடித்தது. டீ டம்ளர் வைத்து எடுத்த தடம் மாதிரி பழுப்பு வளையங்கள். நடுவில் ஏழு மாத வயிறு.

இங்கே கொஞ்சம் ரசாயனம். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, படிகத்துக்குள் பூட்டிக்கிடக்கும் தண்ணீர். என் அறையின் பலகை சுமார் நூறு கிலோ. அதாவது தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடிய வருஷங்களிலும் எங்கள் தலைக்கு மேலே ஒரு கேன் தண்ணீர் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

இறக்கும்போது தெரியவந்த உண்மை: கீழடியில் தோண்டினால் பழையது அடியில் இருக்கும், காலடியில் எல்லாக் காலமும் ஒன்றாகச் சேர்ந்து மூஞ்சியில் விழும். கிடைத்த தொல்பொருட்களில், வெள்ளை ஈபி அட்டையைக் கிழித்துக் கட்டிய எலிக்கூடு ஒன்று, பல்லி முட்டை ஓடுகள், மஞ்சள் பிடி போட்ட டெஸ்டர் ஒன்று. அந்த டெஸ்டரைத் தொலைத்தது யார் என்று நானும் தம்பியும் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். போன் செய்து சொன்னேன். “இப்ப இன்னா பண்ணச் சொல்ற?” என்றான்.

(விளையாட்டில்லாத ஒரு வரி: பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் சுத்தியல் வேண்டாம். அதன் தூசி நுரையீரலை விடாது. நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும், அதுவும் தெரிந்த ஆளை வைத்து.)

இறக்கம் அரை நாள். அடக்கம்தான் ஆய்வின் உயிர். கம்பிகளைக் காயலான் கடைக்காரர் தகரம் என்று சொல்லி எடைக்கு எடுத்துக்கொண்டார். மிஞ்சியது எட்டு சிமெண்டு சாக்கு ரப்பீஸ். குப்பை வண்டி அக்கா ஒரு மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, “இது கட்டடக் கழிவுண்ணா, இதுல போட முடியாது” என்றார். அவர் சொன்னது சரி. ஜிப்சம் ஈரக்குப்பையோடு காற்றில்லாமல் புதைந்தால் நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு செய்யும். அழுகிய முட்டை நாற்றம். மணலி, எண்ணூர்க் காற்றில் வளர்ந்த மூக்குக்கு இது பெரிய விஷயமில்லை என்றாலும், நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.

அப்போது நடப்பில் இருந்த 2016-ஆம் ஆண்டுக் கட்டடக் கழிவு விதிகளைப் புரட்டினேன். ஒரு நாளில் 20 டன் தள்ளுகிறவர்தான் அதில் பெரிய ஆள். அந்தப் பெருமையை அடைய என் அறை போல் இருநூறு அறைகளின் சீலிங்கை ஒரே பகலில் இறக்க வேண்டும். கொடுங்கையூரில் இடிபாட்டை அரைக்கும் ஆலை இருக்கிறது. மாநகராட்சிக்கு 1913 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் தெருவில் வழக்கிலுள்ள முறை வேறு. ராத்திரி பதினொன்றுக்கு மூட்டை என் வாசலிலிருந்து எதிர்வீட்டு மதிலோரம் போகும். எதிர்வீட்டார் விடியுமுன் டிரான்ஸ்பார்மர் அடிக்குத் தள்ளுவார்கள். அங்கிருந்து அது கடலோரம் போய்ச் சேரும். இந்தத் தெருவில் மூட்டைக்கு அழிவில்லை, இடமாற்றம் மட்டுமே. ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு நானும் மதில் வரை போனேன். அங்கே ஏற்கெனவே எதிர்வீட்டாரின் பாத்ரூம் டைல்ஸ் என் வாசலை நோக்கிப் புறப்படத் தயாராக நின்றது. திரும்பி வந்து 1913-ஐ அழுத்தினேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். திறந்து கிடந்த தேக்குக் கட்டைகளை அண்ணாந்து பார்த்து, மூன்றாவது கட்டையோரம் பாசி பிடித்த செங்கல்லை விரலால் தடவினார். விரல் ஈரமாக வந்தது.

“டெரஸ்தான் சார் ஒழுவுது. ரொம்ப நாளா ஒழுவுது. மேல பிரிச்சி வேல பாக்கணும், செலவு இழுக்கும்.” தாடையைச் சொறிந்தார். “பேசாம கீழ ஒரு பால்சீலிங் அட்சிரு சார். கண்ணுக்குத் தெரியாது.”