இரண்டாவது ஆள் பணியிடம் கோரி

அனுப்புநர்
மாடிப் போர்ஷன் வாடகைதாரர்,
மதுரை.

பெறுநர்
உயர்திரு மேலாளர் அவர்கள்,
இலவச நிறுவல் பிரிவு,
பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்பதால் பெயர் சொல்லப்படாத தொலைக்காட்சிக் கம்பெனி.

பொருள்: தங்கள் நிறுவனத்தில் 'இரண்டாவது ஆள்' பணியிடத்தில் ஊதியமின்றிப் பணியாற்றிய எனக்குப் பணி நியமன ஆணை வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1) தங்கள் அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள படம். 2) தங்கள் நிறுவல் ஊழியர் வாய்மொழியாக இட்ட உத்தரவு: "சார், ஒரு கை பிடிங்க."

ஐயா,

பார்வை 1-இல் கண்ட படத்தில் டிவியின் இரு பக்கமும் இரண்டு பேர் நின்று தூக்குகிறார்கள். பக்கத்திலேயே ஒருவர் மட்டும் தனியாகத் தூக்குகிறார்; அவர் மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறீர்கள். இரண்டு பேருக்கும் கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது. முதலாமவர் யாரென்று எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தோளில் டிரில் பையோடு டூவீலரில் வந்து இறங்கிய தம்பிதான் அவர். இரண்டாமவரைத் தேடித் தெருமுனை வரை பார்த்தேன். ஒரு மாடு வந்தது. அதற்குப் பின் யாரும் வரவில்லை. "இன்னொருத்தர் வரலையா தம்பி?" என்று கேட்டேன். "அதான் நீங்க இருக்கீங்கள்ல சார்" என்றார். அந்த நொடியிலிருந்து நான் தங்கள் நிறுவனப் பணியில் இருக்கிறேன் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சரியாகச் சொன்னால் என் பணிக்காலம் அதற்கும் முன்பே, டிவி வந்து இறங்கிய அன்றே தொடங்கிவிட்டது. வண்டியில் வந்தவர்கள் பெட்டியைக் கேட் ஓரம் சாய்த்து வைத்து, ஓடிபி வாங்கிக்கொண்டு, "கீழ வரைக்கும்தான் சார்" என்று வண்டியை எடுத்துவிட்டார்கள். எங்கள் மாடிப்படி வீட்டுக்கு வெளியே, இரண்டரை அடி அகலத்தில், நடுவில் ஒரு திருப்பத்தோடு இருப்பது. தங்கள் பெட்டியின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்று ஓர் அம்பு இருக்கிறது. அம்பை மதித்தால் பெட்டி திருப்பத்தில் திரும்பாது. திருப்பத்தை மதித்தால் அம்பு படுத்துவிடுகிறது. பெட்டியைப் பிரித்து டிவியை மட்டும் கொண்டுபோகலாமே என்றால், எங்கள் ஆள் வருமுன் பிரித்தால் வாரண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். கடைசியில் இஸ்திரி வண்டி அண்ணன், ஹவுஸ் ஓனரின் மருமகன், தண்ணீர் கேன் போட வந்த பையன் ஆகியோர் கைகொடுக்க, பெட்டி கைப்பிடிச் சுவருக்கு மேலே அந்தரத்தில் நீந்தி மாடிக்கு வந்தது. இவர்கள் மூன்று, நான்கு, ஐந்தாவது ஆட்கள். தங்கள் படத்தில் இவர்களுக்கு உடம்பும் இல்லை. டீச் செலவு என்னுடையது.

தூக்கத் தெரியாதவன் குறை சொல்கிறான் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. பழைய 29 அங்குலக் குழாய் டிவியைத் தூக்கியவன் நான். அது நாற்பது கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். குழாய்க்குள் வெற்றிடம் என்பதால் வெளிக்காற்று நொறுக்கிவிடாதபடி கண்ணாடி அவ்வளவு தடிமன். எக்ஸ் கதிர் கசியாமலிருக்க அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கும். பாரமெல்லாம் முன்பக்கம். அதனால் திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நடந்தால் போதும், வந்துவிடும். இறக்கி வைத்தால் வைத்த இடத்தில் உட்காரும். அதன் தலையில் தொலைபேசி, பிளாஸ்டிக் பூ ஜாடி, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எல்லாம் குடியிருந்தன. மத்தியான நேரத்தில் பூனையும் படுத்தது, மேல்பகுதி கதகதவென்று இருந்ததால்.

தங்களுடைய 75 அங்குலம் ஸ்டாண்ட் இல்லாமல் முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆக, எடையில் அந்தப் பழைய பெட்டி இதைத் தோற்கடித்துவிடும். ஆனால் இதை அணைக்க முடியாது. திரையை அழுத்தினால் பேனல் போய்விடும். கையால் நேர்ந்த சேதத்துக்கு வாரண்டி கிடையாது. ஓரத்தை மட்டும் பிடிக்கலாம் என்றால், திரையின் அகலமே ஐந்தரை அடி. ஒரு சராசரி மனிதன் இரண்டு கைகளையும் முழுக்க விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. எடையைக் குறைத்த தங்கள் பொறியாளர்கள் பிடிக்கிற இடத்தையும் சேர்த்தே குறைத்துவிட்டார்கள். அதனால்தான் இரண்டாவது ஆள் தேவைப்படுகிறார். அவரைச் செலவுக் கணக்கில் மட்டும் காணோம்.

இதில் அரசுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. வரியில் மிச்சமாவதைப் பையில் போட்டுக்கொள்ள எந்தத் தமிழ்க் குடும்பம் சம்மதிக்கும்? "அதே காசுக்குப் பெரிசா வாங்கிடலாம்" என்றார்கள் வீட்டில். வரி குறைந்தது, வீட்டுக்கு வந்த எடை கூடியது. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் அதிகமான வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டி போய்ச் சேர்ந்ததே, அதை வாங்கியவர்கள் சைக்கிள் கேரியரிலும் தலையிலும் வைத்துக் கொண்டுபோய், அன்று சாயங்காலமே படம் பார்த்தார்கள். அதில் டிவி இலவசம், நிறுவுவது அவரவர் பாடு. தங்களிடம் டிவிக்குக் காசு, நிறுவல் இலவசம், பாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

'இரண்டாவது ஆள்' பணியிடம் இந்த மாநிலத்தில் புதிதல்ல என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலேயே ஒருவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்ப, இன்னொருவர் ஜன்னலோரம் நின்று "வருது… வருது… போச்சு!" என்று கத்துவார். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் கம்பங்கள் இன்னும் உயர்ந்தன. கத்துகிறவரின் குரலும் உயர்ந்தது. பிறகு கேபிள் வந்து அந்தப் பணியிடத்தை ஒழித்தது. இத்தனை வருடம் காலியாகக் கிடந்ததைத் தாங்கள் மறுபடி உருவாக்கியிருக்கிறீர்கள். வேலைவாய்ப்பைப் பெருக்கியதாக ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

இனி என் பணி விவரம்.

டிவியை மேசை மேல் வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். எங்கள் மேசை நாலடி. தங்கள் டிவியின் கால்களோ நடுவில் இல்லை. இரண்டும் ஆளுக்கொரு கோடியில் இருக்கின்றன, சண்டை போட்ட சம்பந்திகள் கல்யாண மண்டபத்தில் உட்காருவதைப் போல. இரண்டு காலும் ஒரே மேசையில் நிற்க வேண்டுமென்றால் மேசையை மாற்ற வேண்டும், மேசையை மாற்றினால் பீரோவை நகர்த்த வேண்டும், பீரோ நகர்ந்தால் அறைக் கதவு திறக்காது. "வால் மவுன்ட் பண்ணிடலாம் சார்" என்றார் தம்பி. நிறுவல் இலவசம், பிராக்கெட் மட்டும் இலவசத்தில் சேராதாம். விலையைச் சொன்னார். பில் கேட்டேன். "அதுக்கு பில் வராது சார்" என்றார், ஏதோ அதற்கு வியர்வை வராது என்பதைப் போன்ற இயல்போடு.

சுவர் என்றதும் ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். பதினோரு மாத ஒப்பந்தத்தில் 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று டைப் அடித்து, அதன் கீழே பேனாவால் கோடும் போட்டவர். "அதான் சாமி படத்துக்கு ஆணி இருக்கே தம்பி, அதுல மாட்டிக்க முடியாதா?" என்றார். அவருக்கு எடையை விளக்குவது, எட்டு மில்லிமீட்டர் போல்ட் என்றால் என்னவென்று கையால் காட்டுவது, காலி செய்யும்போது அடைத்து வெள்ளையடித்துத் தருவதாகச் சத்தியம் செய்வது ஆகிய தூதுப் பணிகளையெல்லாம் இரண்டாவது ஆள்தான் செய்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், வெள்ளையடிப்பது உரிமையாளர் வேலை, குழாய் வாஷர் மாற்றுவது வாடகைதாரர் வேலை என்றெல்லாம் பட்டியலே இருக்கிறது. டிவிக்கு யார் ஓட்டை போடுவது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அன்று மத்தியானச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைத்திருக்கும்.

அடுத்து சுவரின் ஜாதகம். தம்பி விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "செங்கல்தான்" என்று தீர்ப்பளித்தார். ஹாலோ பிளாக்காகவோ ஏஏசி பிளாக்காகவோ இருந்தால் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கு வேறு ஆங்கர் வேண்டும், அது தன் பையில் இல்லை என்றும் சொன்னார். பிறகு, "பின்னாடி பைப் எங்க போகுது சார்?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. ஹவுஸ் ஓனருக்குத் தெரியவில்லை. வீடு கட்டிய கொத்தனார் இப்போது கோயம்புத்தூரில். அவருக்குப் போன் போட்டு, பழைய கதைகள் பேசி, "உத்தேசமா ஷவருக்கு நேரா மேல ஏறும்ணே" என்ற தகவலைப் பெற்றுத் தந்தவனும் நானே. சுவர் தாங்குமா என்பதற்கு வாடிக்கையாளரே பொறுப்பு என்று தங்கள் படிவத்தில் என் கையொப்பம் இருக்கிறது. சிவில் இன்ஜினியர் படிகளையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டுகிறேன்.

உயரம் குறிப்பதில்தான் கொஞ்சம் மனத்தாங்கல். தம்பி எல்லா வீட்டிலும் தன் தலை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுகிறவர். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்று தங்கள் கையேடே சொல்கிறது. ஆனால் அது சோபாவில் உட்காருகிறவரை மட்டுமே அறியும். என் அம்மா தரையில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்துதான் சீரியல் பார்ப்பார். கோபுர தரிசனம் மாதிரி அண்ணாந்து பார்த்தால் விளம்பர இடைவேளைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். "இன்னும் இறக்குப்பா" என்றார் அம்மா. "கம்பெனி ஹைட் இதுதான் பாட்டி" என்றார் தம்பி. அம்மா ஜெயித்தார். உலகத் தரத்துக்கு எதிராக அம்மாவுக்குக் கிடைத்த வெற்றி இது. தங்கள் வடிவமைப்புத் துறைக்குத் தகவலாகத் தெரிவிக்கவும்.

பிறகு வந்தது அந்த உத்தரவு, பார்வை 2. தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரிலுள்ள கம்பியில் டிவியின் முதுகுக் கொக்கிகளை மாட்ட வேண்டும். கொக்கி இருப்பது பின்னால், நாங்கள் நிற்பது முன்னால். கண்ணுக்கு வேலை இல்லை. 'டக்' என்ற ஒலியைக் காதால் கேட்டுத்தான் மாட்ட வேண்டும். "உங்க பக்கம் இறங்குது சார்… ஏத்துங்க… அவ்ளோ ஏத்தாதீங்க… இடுப்பக் கொடுங்க சார்!" என் பக்கம் டக் என்றது, அவர் பக்கம் சொல்லவில்லை. அவர் பக்கம் டக் என்றபோது என் பக்கம் கழன்றிருந்தது. பக்கத்து வீட்டு மிக்சி ஓடத் தொடங்கியதும் அந்த ஒலியும் கேட்காமல் போனது. மாட்டி முடித்து, கை நடுங்க உட்கார்ந்தபோது தம்பி கேட்டார்: "செட்டாப் பாக்ஸ் ஒயரெல்லாம் சொருகிட்டீங்களா சார்? இனிமே கை போகாது, எல்லாத்தையும் கழட்டணும்." இந்தக் கேள்வியைத் தங்கள் பயிற்சிக் கையேட்டில் நாலு பத்தி முன்னால் நகர்த்த முடியுமா என்று பாருங்கள்.

தம்பி மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவரும் தங்கள் ஊழியர் இல்லையாம். "நான் கம்பெனி ஆள் இல்ல சார், ஃப்ரான்சைஸி ஆளு. ஒரு காலுக்கு இவ்ளோன்னு காசு" என்றார். உதவிக்கு ஆள் கூட்டிவந்தால் அதில் பாதி போய்விடுமாம். போகும்போது, "போன் வரும் சார், பத்துக்குப் பத்து போட்டுடுங்க, ஒன்பது போட்டா எனக்குத்தான் கட்டாகும்" என்று கேட்டுக்கொண்டார். பத்தே போட்டேன். அதில் ஐந்து என்னுடையது என்பதைப் பதிவு செய்துகொள்ளவும்.

நண்பர் ஒருவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கச் சொன்னார். மறுத்துவிட்டேன். நுகர்வோர் அல்லவா அதில் புகார் செய்யலாம், நான் ஊழியன். என் கோரிக்கைகள் எளியவை. கம்பெனி பெயர் போட்ட சட்டை ஒன்று. ஏற்கெனவே எழுந்து நிற்கும் தோள் வலிக்கு இஎஸ்ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது உண்டு என்கிறார்கள், என் சம்பளம் அந்த வரம்பை எந்த மாதமும் தாண்டியதில்லை. படத்தில் இரண்டாவது ஆளுக்கு ஒரு முகம். என் முகம்தான் வேண்டுமென்பதில்லை, மீசை மட்டும் இருக்கட்டும். இவையெல்லாம் இயலாது என்றால், பெருக்கல் குறியை எடுத்து அந்த இரண்டு பேர் படத்தின் மேலும் போட்டுவிடுங்கள். டிவியை யாருமே தூக்கக் கூடாது என்பது குறைந்தபட்சம் நேர்மையான அறிவிப்பாக இருக்கும்.

கொஞ்சம் அவசரம். எதிர் வீட்டு மாடிக்குச் சனிக்கிழமை ஒரு ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் வருகிறது. வேறு கம்பெனி. சுழலும்போது நகர்ந்துவிடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். அறுபது கிலோவுக்குக் குறையாது. ஹவுஸ் ஓனர் என் அனுபவத்தைப் பற்றி அங்கே பெருமையாகச் சொல்லிவைத்துவிட்டார். போட்டி நிறுவனத்துக்கு வேலை செய்வது தங்கள் நடத்தை விதிகளுக்கு முரணானது என்றால், அதை எழுத்துப்பூர்வமாக, வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பிவைக்கவும். வாசலில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரண்டாவது ஆள் (தற்காலிகம்).